பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவைப் பற்றி இணையத்தில் எதைத் தேடினாலும் ஒரு கதை வந்து விழும். தெருவில் ஒருவர் துண்டுச் சீட்டோடு வந்து முகவரி கேட்கிறார். இரக்கப்பட்டுக் குனிந்து பார்த்தால், சீட்டின் மேல் இருந்த வெள்ளைப் பொடியை முகத்தில் ஊதிவிடுகிறார். அவ்வளவுதான்! அடுத்த நிமிடத்திலிருந்து பொடி பட்டவர் ஊதியவரின் அடிமை. ஏ.டி.எம்.முக்கு நட என்றால் நடக்கிறார். ரகசிய எண்ணைச் சொல் என்றால் சொல்கிறார். தன் வீட்டுச் சாமான்களைத் திருடர்களின் வண்டியில் ஏற்றத் தானே கை கொடுக்கிறார். மறுநாள் காலையில் ஒன்றும் நினைவில்லை. இந்தப் பொடிக்கு 'பிசாசின் மூச்சு' என்று பெயர். ஒரு பூச்செடியின் விதையிலிருந்து எடுக்கிறார்களாம். 2012ல் வைஸ் என்ற ஊடக நிறுவனம் உலகிலேயே பயங்கரமான போதைப்பொருள் இதுதான் என்று படம் எடுத்து இணையத்தில் விட்டது. அதன் பிறகு கேட்கவே வேண்டாம்.

இந்தக் கதையில் செடி உண்மை. அதன் விஷம் உண்மை. பறிகொடுத்தவர்களும் உண்மை. முகத்தில் ஊதுவதும், ஊதியதும் மனிதன் சாவி கொடுத்த பொம்மையாக ஆவதும்தான் புளுகு. 'போகட்டும், ஒரு பேய்க்கதை, யாருக்கு என்ன நஷ்டம்' என்று இதை விட்டுவிட முடியாது. நஷ்டம் இருக்கிறது. அதைக் கட்டுகிறவர்கள் கதையைப் பரப்பியவர்கள் இல்லை.

முதலில் செடியைப் பார்த்துவிடலாம். தாவரவியலில் புருக்மான்சியா. கொலம்பியாவில் பொராச்சேரோ, அதாவது வெறியேற்றுவது. பெருவின் காட்டுப் பகுதிகளில் தோஎ. வேறு பல இடங்களில் ஃப்ளோரிபோந்தியோ. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் புதர். விட்டால் சிறு மரம். ஒரு சாண் நீளத்துக்கு மேல் எக்காளம் போன்ற பூக்கள், தலைகீழாகத் தொங்கும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு. ஒரு இனத்தில் ரத்தச் சிவப்பு. பெரும்பாலானவை மாலை ஆனால் தெருவே மணக்கும்படி வாசம் விடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சாலை ஓரங்களில், பங்களா வேலிகளில் தொங்கும் அந்த வெள்ளை எக்காளப் பூவைப் பார்க்காத சுற்றுலாப் பயணி இருக்க முடியாது. அதுவே இது. ஊமத்தைக்கு நெருங்கிய உறவு. லின்னேயஸ் 1753ல் இதை ஊமத்தைப் பேரினத்திலேயே சேர்த்து எழுதினார். 1805ல்தான் பெர்சூன் தனிப் பேரினமாகப் பிரித்தார். வேறுபாடு தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஊமத்தம்பூ மேலே பார்க்கும், காயில் முள் இருக்கும். இதன் பூ கீழே தொங்கும், காயில் முள் கிடையாது.

உள்ளே இருக்கும் சரக்கும் ஊமத்தையில் இருப்பதுதான்: ஸ்கோபோலமின், ஹையோசியமின், அட்ரோபின். இவை நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசெட்டைல்கோலின் என்ற பொருள் போய் உட்கார வேண்டிய இடத்தில் தாங்கள் உட்கார்ந்துகொள்கின்றன. அதனால் வாய் வறளும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், வியர்வை நின்று உடம்பு கொதிக்கும், சிறுநீர் பிரியாது. அளவு மீறினால் பிதற்றல். இல்லாத ஆளோடு பேசுவார்கள், காற்றில் எதையோ பிடிப்பார்கள், துணியை உருவுவார்கள். கட்டுப்படுத்த நாலு பேர் வேண்டும். இன்னும் மீறினால் வலிப்பு, மரணம். பிழைத்து எழுந்தால் நடந்தது நினைவில் இராது. இந்தக் கடைசி விஷயத்தை வைத்துத்தான் மொத்தக் கதையும் கட்டப்பட்டிருக்கிறது.

இதே ஸ்கோபோலமின் மருந்துக் கடையிலும் கிடைக்கும் சங்கதி. கப்பலில், பேருந்தில் வாந்தி வராமலிருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று 1979ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதிலிருப்பது இந்த மருந்துதான். மூன்று நாளில் மொத்தம் 1 மில்லிகிராம் தோல் வழியாக இறங்கும். பயணத்துக்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பே ஒட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஏன்? தோலைத் தாண்டி ரத்தத்தில் சேர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. தோலோடு இறுக்கி ஒட்டி, ஆய்வுக்கூடத்தில் அளந்து செய்த பட்டைக்கே இந்தக் கதி என்றால், பொடி தடவிய விசிட்டிங் கார்டைத் தொட்டவுடன் ஒருவர் மயங்கிச் சொன்னபடி ஆடுவார் என்று எப்படி நம்புவது? அந்த கார்டு கதை 2008 வாக்கில் மின்னஞ்சலில் உலகம் சுற்றியது. 'உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' ரகம்.

மூக்கு வழியாக ஏறாதா என்று கேட்கலாம். ஏறும். விண்வெளி வீரர்களின் குமட்டலுக்காக நாசாவே மூக்கில் விடும் ஸ்கோபோலமினைச் சோதித்திருக்கிறது. ஆனால் அது அளந்து மூக்குக்குள் விடுவது. அதுவும் வேலை செய்ய நேரம் எடுக்கும். திறந்த தெருவில், காற்றில், ஒரு சீட்டிலிருந்து ஊதினால் எவ்வளவு போய்ச் சேரும்? ஊதுகிறவனுக்கும் மூக்கு இருக்கிறது என்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

'சுய விருப்பத்தை அழித்துவிடும்' என்ற பகுதி இதைவிடப் பழைய புளுகு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் மார்ஃபினும் ஸ்கோபோலமினும் கலந்து கொடுத்துப் பிரசவம் பார்த்தார்கள். 'அந்தித் துயில்' என்று அழகான பெயர் வைத்தார்கள். வலியே இல்லாத பிரசவம் என்று பணக்காரப் பெண்கள் கடல் கடந்து போனார்கள். உண்மையில் வலி அப்படியே இருந்தது. பெண்கள் அலறினார்கள், புரண்டார்கள். கண்ணைக் கட்டி, காதை அடைத்து வைக்க வேண்டியிருந்தது. விழித்த பிறகு அலறியது நினைவில் இல்லை, அவ்வளவுதான். மருந்து அழித்தது நினைவை. சொன்னால் கேட்கும் சாதுவாக அது யாரையும் ஆக்கவில்லை.

டெக்ஸாஸ் மாநிலத்தில் ராபர்ட் ஹவுஸ் என்ற பிரசவ மருத்துவர் இதைப் பார்த்துவிட்டு வேறொரு முடிவுக்கு வந்தார். மயக்கத்தில் இருந்த ஒரு தாய், வீட்டில் தராசு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னாராம். உடனே, இந்த மருந்து போட்டால் பொய் சொல்ல முடியாது என்று முடிவு கட்டி, 1922ல் டல்லாஸ் சிறையில் இரண்டு கைதிகளிடம் சோதித்து 'உண்மை மருந்து' என்று உலகுக்கு அறிவித்தார். காவல்துறைகளுக்குக் கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டம் எங்கே போய் முடிந்தது? சிகாகோவில் போதைப் பழக்கத்தில் இருந்த ஓர் இளைஞருக்குக் காவல் நிலையத்திலேயே இந்த மருந்தைச் செலுத்தி, கொலை வாக்குமூலம் வாங்கினார்கள். டவுன்சென்ட் எதிர் செய்ன் என்ற அந்த வழக்கில், மருந்தின் விளைவாக வந்த வாக்குமூலம் செல்லாது என்று 1963ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. (இந்தியாவில் வேறு மருந்தை வைத்து நடந்த இதே கூத்துக்கு, கட்டாய நார்கோ சோதனைக்கு, உச்ச நீதிமன்றம் 2010ல் செல்வி வழக்கில்தான் தடை போட்டது.) 'கேட்டதைச் சொல்லும், சொன்னதைச் செய்யும் மருந்து' என்ற கற்பனை காவல் நிலையத்தில் பிறந்தது. பிறகு அதுவே திருடன் கைக்கு மாறி, பிசாசின் மூச்சு ஆகியிருக்கிறது.

அப்படியானால் கொலம்பியாவில் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லையா? நடக்கிறது. அங்கேதான் இந்தக் கதையின் மேல் கோபம் வருகிறது.

மயக்கிக் கொள்ளையடிப்பது அங்கே பெரிய தொழில். மதுக்கூடம், டிஸ்கோ, டாக்சி, அண்மை ஆண்டுகளில் சந்திப்புச் செயலிகள். ஒருவர் புன்னகையோடு வந்து பேசுகிறார், பானம் வருகிறது, பானத்தில் மருந்து இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்த இடங்களில் ஸ்கோபோலமின் கிடைத்திருக்கிறது. பென்சோடயஸெபின் என்ற தூக்க மாத்திரை வகைகளும் கிடைத்திருக்கின்றன. இரண்டும் கலந்தும், மதுவோடு சேர்ந்தும் கிடைத்திருக்கின்றன. சாதுவாகப் பின்னால் வருவது, சொன்னதற்குத் தலையாட்டுவது, பிறகு சுத்தமாக மறந்துபோவது என்ற வர்ணனைக்கு, காற்றைப் பிடித்து ஆடவைக்கும் பொராச்சேரோவைவிட இந்த மாத்திரைகள்தாம் அதிகம் பொருந்தும். கரீபிய ஸ்பானியத்தில் 'புருந்தங்கா' என்றால் கண்டதையும் சேர்த்துப் போட்ட கதம்பம். கொலம்பியாவில் மயக்குப் பொடிக்கு அந்தப் பெயர்தான் வழங்குகிறது. பெயர் வைத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

2023 நவம்பர், டிசம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் மெடலின் நகரில் 8 அமெரிக்கர்கள் சந்தேகத்துக்கிடமான முறையில் இறந்ததாக பொகோட்டாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2024 ஜனவரியில் எச்சரித்தது. பல சம்பவங்களில் மயக்க மருந்தும் கொள்ளையும் இருக்கலாம் என்றும், சிலவற்றில் சந்திப்புச் செயலி வழியாக அறிமுகம் நடந்திருக்கிறது என்றும் சொன்னது. அந்த எச்சரிக்கையில் தெருவில் பொடி ஊதுகிற ஆள் வரவில்லை.

பேய்க்கதையைப் படித்துவிட்டு அந்த நாட்டில் போய் இறங்குகிற ஆள் என்ன செய்வார்? தெருவில் வழி கேட்கும் கிழவியைப் பார்த்து ஓடுவார். துண்டுச் சீட்டு நீட்டும் பையனிடம் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பூ தொங்கும் மரத்தடியில் நிற்கப் பயப்படுவார். இரவு மதுக்கூடத்தில், முகம் தெரியாதவர் வாங்கித் தந்த கோப்பையை மேசையில் விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வருவார்! ஒரு பொய்ப் பயம் உண்மையான பயம் உட்கார வேண்டிய நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் இது புரியாத விஷயம் இல்லை. ரயிலில் பிஸ்கட்டும் டீயும் கொடுத்து மயக்கிக் கொள்ளையடிப்பது நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஆவணங்களில், ஊமத்தையைச் சாப்பாட்டில் கலந்து வழிப்போக்கர்களைக் கொள்ளையடித்த வழக்குகள் நிறைய உண்டு. அங்கேயும் விஷம் போனது வாய் வழியாகத்தான். ஆனால் ஊரில் பேச்சு என்னவோ முகத்தில் தூவும் 'வசியப் பொடி' பற்றியே இருக்கும்.

எண்ணிக்கை விவகாரம் இன்னும் மோசம். கொலம்பியாவில் ஆண்டுக்குச் சுமார் 50,000 ஸ்கோபோலமின் சம்பவங்கள் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயணக் குறிப்புகள் சொல்லி வந்தன. அதற்கு முன்னால் 'அதிகாரபூர்வமற்ற மதிப்பீடுகளின்படி' என்று ஒரு வால். மதிப்பிட்டவர் யார்? எந்த ஆண்டு? எப்படி எண்ணினார்? ஒன்றும் இல்லை. அந்த எண்ணைப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன, பத்திரிகையிலிருந்து பயணத் தளங்கள் எடுத்தன. போகப் போக வால் உதிர்ந்து எண் மட்டும் மிஞ்சியது. இத்தனைக்கும் ஸ்கோபோலமின் ரத்தத்திலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். ஆள் தெளிந்து மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் பல சமயம் சோதனையில் பிடிபடாது. இந்த நிலையில் 50,000 பேருக்கும் இன்ன மருந்து என்று பெயர் குறித்தது யார்?

இந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. 'பிசாசின் மூச்சு வெறும் புரளி, குடித்துவிட்டுப் பணத்தைத் தொலைத்தவன் மனைவிக்குச் சொல்லும் சாக்கு' என்று சிரிக்கும் புத்திசாலிகள். புளுகைப் புளுகு என்று சொல்வதோடு நிறுத்தாமல், பாதிக்கப்பட்டவரையும் பொய்யர் ஆக்குவது இவர்கள் வேலை. நினைவே இல்லாத ஒருவர் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். பணத்தை எடுத்தது அவருடைய அட்டை, அழுத்தியது அவருடைய எண், கேமராவில் நிற்பது அவரே. பெண்ணாக இருந்து பாலியல் வன்முறையும் நடந்திருந்தால் சொல்லவே வேண்டாம். 'பொம்மையாகிவிட்டேன்' என்ற வார்த்தை தவிர நடந்ததைச் சொல்ல அவர்களுக்கு வேறு வார்த்தையை யாரும் கொடுக்கவில்லை. அந்த வார்த்தையைப் பேய்க்கதை கெடுத்துவைத்திருக்கிறது.

இத்தனையிலும் யாருமே பேசாத ஒரு தரப்பு உண்டு. கொலம்பியாவின் தெற்கே, புத்துமாயோ மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் சிபுந்தோய் பள்ளத்தாக்கு இருக்கிறது. கமென்ட்சா மக்களும், கெச்சுவா மொழிக் கிளை ஒன்றைப் பேசும் இங்கா மக்களும் வாழும் இடம். ஹார்வர்டு தாவரவியலாளர் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்ட்ஸ் 1940களின் தொடக்கத்தில் அங்கே போனபோது அசந்து போனார். வீட்டுத் தோட்டங்களில் பொராச்சேரோவில் பல வகைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி உபயோகம். புழு அரித்ததுபோல் இலை உள்ள ஒன்றுக்கு 'முஞ்சிரா', அதாவது கம்பளிப்புழு. இன்னொன்று 'கிந்தே', தேன்சிட்டுப் போன்ற ஓசனிச்சிட்டின் பெயர். 'குலேப்ரா' என்ற பாம்பு வகையின் இலை, பூ இரண்டும் நாடா நாடாகக் கிழிந்து விசித்திரமாக இருக்கும். அதைப் பார்த்த ஷுல்ட்ஸ் 1955ல் புதிய பேரினம் என்றே பெயர் சூட்டிவிட்டார். பிறகுதான் அதுவும் பொராச்சேரோவில் மனிதர் பேணிவைத்த ஒரு திரிபு என்று தெளிந்தது. உலகப் புகழ் பெற்ற தாவரவியலாளரே தடுமாறும் அளவுக்கு நுணுக்கமாக ஒரு செடியைப் பிரித்து வைத்திருந்தவர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் வைத்தியர்கள்.

அவர்கள் இதை எதற்கு வைத்திருந்தார்கள்? பெரும்பாலும் வெளிப் பிரயோகம். மூட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் இலையை வாட்டிக் கட்டுவது, வெந்நீரில் போட்டுக் கழுவுவது. உள்ளுக்குச் சாப்பிடுவது தேர்ந்த வைத்தியருக்கு மட்டும் உரியது. அதுவும் மற்ற வழிகள் கைவிட்ட சிக்கலான நேரத்தில், குறி பார்க்க. விஷம் என்று தெரியாமல் கையாண்டவர்கள் அல்லர். வேறு யாரையும்விட அது விஷம் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்.

இந்த அறிவையும் இரண்டு பக்கத்திலிருந்து மிதிக்கிறார்கள். ஒரு பக்கம் பிசாசு வியாபாரிகள். இன்னொரு பக்கம் 'இயற்கை மருந்துக்குப் பக்க விளைவு இல்லை' கோஷ்டி. பெருவின் இக்கிட்டோஸ் பக்கம் வெளிநாட்டுப் பயணிகளுக்காக நடக்கும் ஆயவாஸ்கா சடங்குகள் சிலவற்றில், காட்சிகள் பலமாக வரட்டும் என்று பானத்தில் தோஎவும் சேர்க்கப்படுவது உண்டு. ஐரோப்பாவில் தோட்டத்துப் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு மருத்துவமனையில் கிடந்த இளைஞர்கள் கணக்கில்லை. இந்தச் செடியில் அளவு என்று ஒன்றை வெளியாள் கண்டுபிடிக்கவே முடியாது. மரத்துக்கு மரம், இலைக்கும் விதைக்கும், பருவத்துக்குப் பருவம் விஷத்தின் வீரியம் மாறும். நேற்று ஒன்றும் செய்யாத அளவு இன்று ஆளைக் கொல்லலாம். சிபுந்தோய் வைத்தியரின் பெயரைச் சொல்லி இதைக் குடிப்பவர், அந்த வைத்தியர் பல ஆண்டுகள் பழகித் தெரிந்துகொண்ட ஒன்றையும் தெரிந்துகொள்ளாமல் குடிக்கிறார். மூதாதையர் மருந்து என்று துண்டுப் பிரசுரம் அச்சடிப்பவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. வரட்டும்.

கடைசியாக ஒரு சேதி. பயங்கரச் செடி என்று தலைப்புப் போடும் எவரும் இதை எழுதுவதில்லை. புருக்மான்சியாவில் மொத்தம் 7 இனங்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஏழையுமே 'இயற்கை வாழிடத்தில் அற்றுப்போனவை' என்ற பட்டியலில் 2014 மதிப்பீட்டில் வைத்தது. மனிதர் நட்டதும், நட்ட இடத்திலிருந்து தப்பிப் பரவியதும் போக, ஆண்டிஸ் மலைக் காடுகளில் தானாக முளைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு செடிக் கூட்டத்தைக்கூட யாராலும் காட்ட முடியவில்லை. இதன் காயைத் தின்று விதையைப் பரப்பிய பெரிய விலங்குகள் பனியுகத்தின் முடிவில் அழிந்துபோயிருக்கலாம் என்பது ஓர் ஊகம். பொகோட்டாவின் பூங்காக்களிலும் ஊட்டியின் வேலிகளிலும் செழித்து நிற்பதைப் பார்த்தால் நம்பவே முடியாது. ஆனால் விதை விழுந்து பரவுவதை நம்பி இது இருக்கவில்லை. சிபுந்தோயின் முஞ்சிராவும் குலேப்ராவும் போன்ற வகைகளுக்கு விதையை நம்பவே முடியாது. தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. கிளையை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றுவார்கள், சில வாரங்களில் வேர் பிடிக்கும். அந்தத் தோட்டக்காரர்களின் பிள்ளைகள் ஊன்றுவதை நிறுத்தினால், அதோடு அந்த வகை முடிந்தது.